தனியாக எண்ணப்படுகிறவர்கள்

இரவு ஒன்பதரை மணி. புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெரு. சீரியல் சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கிக்கொண்டிருந்தது. 77 வயது ஆயா மட்டும் செல்போனைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

போன் அடித்தது. திரையில் பேத்தியின் முகம் வருவதற்கு முன்னால் வெள்ளையாக ஏதோ வந்தது.

“ஆயா, தெரியுதா? எல்லாம் பனி!”

“உன் மூஞ்சியக் காட்டுடி மொதல்ல.”

பேத்திக்கு வயது 24. பாரிஸ் புறநகரில் பிறந்து வளர்ந்தவள். ஹோட்டல் வேலைக்குப் படித்தவளுக்கு, குளிர்கால சீசனுக்கு ஒரு விடுதியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் அந்த ஊரின் பெயர் சேன் வெரான். அங்கே அப்போது மாலை ஐந்து மணி. பனிக்கு மேலே கடைசி வெளிச்சம் இருந்தது. மர வீடுகள் தெரிந்தன. மனிதர்கள் யாரும் தெரியவில்லை.

“ஏண்டி, அந்த ஊர்ல எத்தினி பேரு?”

“இருநூறு பேர் இருப்பாங்க ஆயா.”

“தெருவுலயா?”

“இல்ல ஆயா. மொத்த ஊர்லயும்.”

ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்தியால்பேட்டையில் ஒரு மஞ்சள் நீராட்டுக்கே இருநூறு பேர் வருவார்கள். பந்தி பத்தாமல் போய் அக்கம்பக்கத்தில் கோபித்துக்கொள்வார்கள். ஓர் ஊருக்கே இருநூறு பேர் என்றால்?

சிரித்தாரே தவிர, போனை வைத்த பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. பொங்கலுக்கு மகன் பாரிஸிலிருந்து வருகிறார். இந்தமுறை வருவது பொங்கலுக்காக மட்டும் இல்லை. வீட்டை விற்றுவிட்டு அம்மாவைக் கையோடு அழைத்துப்போக வருகிறார்.

ஊட்டியைவிடத் தாழ்வு, ஆனால் உறைபனி

அடுத்த சில நாட்கள் ஆயா அந்த ஊரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். பேத்தியும் சலிக்காமல் சொன்னாள்.

சேன் வெரான், பிரான்ஸின் தென்கிழக்கில், இத்தாலி எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,040 மீட்டர் உயரம். ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் மக்கள் வாழும் ஊர்களில் ஒன்று. ஆனால், நம் ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அதாவது சேன் வெரான் ஊட்டியைவிட 200 மீட்டர் தாழ்வாகத்தான் இருக்கிறது.

“அப்போ ஊட்டியில ஏன் இப்படிப் பனி கொட்டல?” என்று ஆயா கேட்டது சரியான கேள்வி.

உயரம் மட்டும் குளிரைத் தீர்மானிப்பதில்லை. பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறோம் என்பதும் முக்கியம். ஊட்டி 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சேன் வெரான் கிட்டத்தட்ட 45 டிகிரியில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே சூரியன் வானத்தில் சாய்வாகவே வரும், சீக்கிரம் போய்விடும். அதனால்தான் அங்கே வீடுகள் எல்லாம் தெற்குப் பார்த்த சரிவில் வரிசையாக நிற்கின்றன. கிடைக்கிற வெயிலை ஒரு துளிகூட விடக் கூடாது. சுவர்களில் சூரியக் கடிகாரங்கள் வரைந்திருக்கிறார்கள்.

ஊர் ஒரே கொத்தாகவும் இல்லை. சில குடியிருப்புகளாகப் பிரிந்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. மர வீடுகள் என்பதால் ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் பொதுத் தண்ணீர்த் தொட்டியும், ரொட்டி சுடும் பொது அடுப்பும் உண்டு. பழைய வீடுகளில் கீழே கல் சுவர், மேலே மரக்கட்டை. மேல்தளம் முழுக்க வைக்கோல். கீழ்த்தளத்தில் குளிர்காலம் முழுவதும் மனிதர்களும் மாடுகளும் ஒன்றாக இருந்திருக்கிறார்கள்.

“மாட்டு மூச்சுதான் அவங்களுக்கு ஹீட்டர்” என்றாள் பேத்தி.

இது ஆயாவுக்கு உடனே புரிந்தது. பாகூரில் அவருடைய தாத்தா வீட்டில் மார்கழியில் கொட்டகைப் பக்கமாகப் பாயைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார். பக்கத்தில் மாடு இருந்தால் அந்தப் பக்கமே கதகதப்பாக இருக்கும்.

அந்த ஊரின் பரப்பு சுமார் 45 சதுர கிலோமீட்டர். மலை, புல்வெளி, பாறை எல்லாம் சேர்த்துத்தான். அதில் இருநூறு பேர் என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து பேர்கூட வரமாட்டார்கள். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3,232 பேர். சேன் வெரான் அளவு நிலத்தை இங்கே வெட்டி எடுத்தால் அதில் சுமார் 1.45 லட்சம் பேர் இருப்பார்கள்.

அந்த ஊரும் எப்போதும் இவ்வளவு காலியாக இருந்ததில்லை. ஒரு காலத்தில் இதைவிடப் பல மடங்கு மக்கள் இருந்தார்கள். ஆல்ப்ஸின் பல கிராமங்களைப் போலவே, பிழைப்புக்காக ஒவ்வொரு குடும்பமாகக் கீழே இருக்கும் நகரங்களுக்கு இறங்கிவிட்டது. இன்று சீசனில் சுற்றுலாப் பயணிகள் வந்தால் ஊர் நிறைகிறது. அவர்கள் போனால் மறுபடியும் இருநூறு.

“எல்லாரும் எறங்கிப் போனாங்க சரி. இந்த இருநூறு பேரு ஏன் போகல?” என்று கேட்டார் ஆயா.

பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். “கேட்டுப் பார்க்கிறேன் ஆயா.”

பாண்டியிலும் ஒரு மலை

“நம்ம ஊர்லயும் மலை இருக்குன்னு உங்க தாத்தா சொல்வாரு” என்று ஆயா ஒருநாள் ஆரம்பித்தார். பேத்தி நம்பவில்லை. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அவள் பார்த்த பாண்டி, தோசைக்கல் மாதிரி தட்டையானது.

ஆயா சொன்னது பொய் இல்லை. புதுச்சேரிப் பகுதியின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து 15 மீட்டர் அளவுதான். ஆனால், ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேடு பக்கம் தரை 30 மீட்டருக்கு மேல் உயர்கிறது. செம்மண் மேடு அது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ‘லெ மோந்தாஞ் ரூழ்’, அதாவது ‘சிவப்பு மலைகள்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சைக்கிளில் ஜிப்மருக்குப் போனவர்கள் கடைசியில் மூச்சுவாங்க இறங்கித் தள்ளியிருப்பார்களே, அந்த ஏற்றம்தான் பாண்டியின் மலை!

மலையைவிட விசித்திரமானது இந்த மண்ணின் வடிவம். ஆயாவின் தங்கை காலாப்பட்டில் இருக்கிறார். முத்தியால்பேட்டையில் பஸ் ஏறினால் சில நிமிடங்களில் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை தமிழ்நாடுதான். அப்புறம் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு வந்தால் மறுபடியும் புதுச்சேரி. தங்கை வீட்டுக்குப் போக இரண்டு முறை எல்லை தாண்ட வேண்டும்.

புதுச்சேரி மாவட்டம் முழுக்க இப்படித்தான். மொத்தமே 293 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே நிலமாக இல்லாமல், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவில் பத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. தையற்காரர் கடையில் வெட்டிப்போட்ட துணி மாதிரி. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே உள்ளூர் ஆட்சியாளர்களிடமிருந்து வெவ்வேறு காலங்களில் ஊர் ஊராகப் பெற்றார்கள். பிரிட்டிஷாருடன் நடந்த போர்களில் அவை பலமுறை கைமாறின. 1816-ல் கடைசியாகத் திரும்பி வந்தபோது எது எது யாரிடம் இருந்ததோ, அந்தக் கணக்குதான் இன்றைய எல்லை.

இது போதாதென்று காரைக்கால் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில், மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரக் கோதாவரிக் கரையில். மாஹேயின் பரப்பு 9 சதுர கிலோமீட்டர்தான். நான்கு பகுதிகளையும் சேர்த்து 2011-ல் மக்கள்தொகை 12,47,953. இதில் புதுச்சேரி மாவட்டத்தில் மட்டும் 9,50,289 பேர்.

“இவ்ளோ பேர் இருக்கிற ஊரை விட்டுட்டு நான் இருநூறு பேர் ஊருக்கு வந்திருக்கேன்” என்றாள் பேத்தி.

“உங்கப்பன் என்னையும் அங்கதான் கூப்பிடுறான்.”

“அங்க இல்ல ஆயா, பாரிஸ் பக்கம். அங்க நிறைய பேர் இருக்காங்க.”

“இருக்கலாம். அதுல எனக்குத் தெரிஞ்சவங்க எத்தினி பேரு?”

மேயர் வீடு

ஒருநாள் பேத்தி, பனிக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டடத்தைக் காட்டினாள். வாசலில் பிரெஞ்சுக் கொடி. “இதுதான் இந்த ஊர் மேரி.”

ஆயாவுக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பாண்டியில் பிறந்த அந்தத் தலைமுறைக்கு மேரி என்றால் மேயர் அலுவலகம். கடற்கரைச் சாலையில் இருந்த வெள்ளைக் கட்டடம் அது. 1870-71-ல் கட்டியது. 2014 நவம்பர் 29 அன்று, மழையில் அது இடிந்து விழுந்த செய்தியைக் கேட்டபோது ஆயா ஒருவேளை சாப்பிடவில்லை. பழைய சாயலிலேயே மறுபடியும் கட்டி, 2021-ல் திறந்தார்கள்.

பிரான்ஸில் ஓர் ஊரின் அடிப்படை நிர்வாகத்துக்குப் பெயர் ‘கொம்யூன்’. பெரிய நகரமானாலும் சரி, மலைமேல் இருக்கும் குக்கிராமமானாலும் சரி, கொம்யூன் என்றால் அதற்கு ஒரு மேயர், ஒரு கவுன்சில். பிரான்ஸில் இப்படிச் சுமார் 35,000 கொம்யூன்கள் உண்டு. 100 முதல் 499 பேர் வரை வாழும் கொம்யூனுக்கு 11 கவுன்சிலர்கள். சேன் வெரானும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. அங்கே சாலையில் பனி தள்ளவில்லை என்றால் யாரிடம் கேட்பது என்று எல்லாருக்கும் தெரியும். கவுன்சிலர் எதிர் வீட்டில்தான் இருப்பார்.

அதே கொம்யூன் முறை 1880-ல் ஓர் ஆணை மூலம் புதுச்சேரிக்கும் வந்தது. அந்த வார்த்தை இன்றும் இங்கே புழக்கத்தில் இருக்கிறது. பாகூர், வில்லியனூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு எல்லாம் கொம்யூன் பஞ்சாயத்துகள். பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையில் பார்க்கலாம். இந்தியாவில் வேறெங்கும் இந்தப் பெயர் இல்லை.

வார்த்தை இருக்கிறது. தேர்தல்தான் அபூர்வம். புதுச்சேரியில் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து, 2006-ல். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்துவிட்டது. 2021-ல் அறிவித்த தேர்தல் நடக்கவில்லை. ஆயா இங்கே கவுன்சிலருக்கு ஓட்டுப்போட்டதே இல்லை. 1968-ல் அவருக்கு வயது வரவில்லை.

“இருநூறு பேருக்கு மேயர் இருக்காரு. எங்களுக்குக் கட்டடம் இருக்கு” என்றார் ஆயா. பேத்திக்கு அது முழுதாகப் புரிந்ததா என்பது தெரியவில்லை.

ஆறு மாதக் கையெழுத்து

ஆயாவின் குடும்பம் இரண்டானதும் ஒரு கணக்கெடுப்பால்தான்.

1954 அக்டோபர் 18. வில்லியனூரைத் தாண்டி இருக்கும் கீழூர் என்ற சின்ன கிராமத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைவதா, வேண்டாமா என்று வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆயாவுக்கு அப்போது ஆறு வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து கடற்கரையில் கூட்டம் பார்த்தது மங்கலாக நினைவிருக்கிறது. சேன் வெரானைவிடக் குறைவான ஆட்கள் ஒரே நாளில் ஒரு நாட்டையே மாற்றிய கிராமம் கீழூர். இப்போதும் ஆகஸ்ட் 16 அன்று அங்கே இருக்கும் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள்.

அந்த ஆகஸ்ட் 16 என்பது 1962-ஐச் சேர்ந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, சட்டப்படி புதுச்சேரி இந்தியாவுக்கு வந்த நாள். அன்று முதல் ஆறு மாதம் அவகாசம். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதித் தர வேண்டும். எழுதித் தராதவர்கள் இந்தியர்கள். சுமார் 5,000 பேர் எழுதித் தந்தார்கள்.

ஆயாவின் பெரியப்பா எழுதித் தந்தார். அப்பா தரவில்லை. ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்ட அண்ணன் தம்பி, ஆறு மாதத்தில் வேறு வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். சண்டை ஒன்றும் இல்லை. “உன் இஷ்டம்டா” என்றார் பெரியப்பா. “உன் இஷ்டம்ணா” என்றார் அப்பா. அதன்பிறகு பெரியப்பா பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். திண்ணையில் இடம் காலியானது.

அப்பா போடாத கையெழுத்தை, 1968-ல் கல்யாணப் பதிவேட்டில் ஆயாவே போட்டார். மாப்பிள்ளை சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை பாண்டியில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் காலச் சட்டப்படி கல்யாணத்தோடு ஆயாவின் காகிதமும் மாறியது. கணவர் போன ஊருக்கெல்லாம் போனார். மகன் அங்கே பிறந்தார். கணவர் ஓய்வுபெற்றதும் இருவரும் முத்தியால்பேட்டைக்கே திரும்பினார்கள். மகன் அங்கேயே தங்கிவிட்டார்.

ஆயாவுக்குப் பிரான்ஸ் புதிதில்லை. குளிரும் புதிதில்லை. போக முடியாது என்றில்லை. போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

‘இங்கே எத்தனை பேர்?’

2011-ல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். “இங்க எத்தனை பேர்மா?” என்று கேட்டார். ஆயா விரல் விட்டு எண்ணி, “அஞ்சு” என்றார். நான், அவர், மகன், மருமகள், பேத்தி.

“மகன் எங்கே இருக்காரு?”

“பிரான்ஸ்ல.”

“எப்போ வருவாரு?”

“லீவுக்கு வருவான்.”

ஆசிரியை சங்கடத்தோடு, “இங்கயே தங்கி இருக்கறவங்கள மட்டும்தான்மா எழுதணும்” என்றார். அஞ்சு ரெண்டானது. ஆயா அன்று சாயங்காலம் வரை யாரிடமும் பேசவில்லை. தாத்தாதான், “அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? அது அதோட வேலைய செய்யுது” என்று சமாதானம் சொன்னார். தாத்தா இறந்து இப்போது ஆறு வருடம் ஆகிறது.

இதை ஆயா போனில் சொன்னபோது பேத்தி ஒரு விஷயம் சொன்னாள். பிரான்ஸில் பத்தாயிரம் பேருக்குக் குறைந்த கொம்யூன்களில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகக் கணக்கெடுப்பார்கள். அங்கே ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு எண் உண்டு. முதலாவது, ஊரிலேயே வாழ்பவர்கள். இரண்டாவது, ‘தனியாக எண்ணப்பட்டவர்கள்’. குடும்பத்தின் வீடு இந்த ஊரில் இருக்கும், ஆனால் படிப்புக்காக வேறு ஊரில் தங்கியிருக்கும் இளைஞர்கள் போன்றவர்கள் அதில் வருவார்கள். இரண்டையும் கூட்டித்தான் ஊரின் மொத்த மக்கள்தொகை என்று எழுதுவார்கள்.

“நானும் காலேஜ் படிச்சப்போ அப்படித்தான் ஆயா. வேற ஊர்ல ரூம். ஆனா அப்பா ஊர்க் கணக்குல தனியா நான் இருந்தேன்.”

ஆயா அந்த வார்த்தையை மறுபடி சொல்லச் சொன்னார். “தனியா எண்ணுவாங்களா? விட்டுட மாட்டாங்களா?”

“விட மாட்டாங்க.”

“நல்ல பழக்கம்” என்றார் ஆயா.

பொங்கலும் தரகரும்

பொங்கலுக்கு மகன் வந்தார். மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாள் வீட்டுத் தரகர் வந்தார். முற்றத்தைப் பார்த்தார். ஓட்டைப் பார்த்தார். கையால் சுவரைத் தட்டினார். அப்புறம் எல்லாரும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்.

“வீட்டுல எத்தினி பேரு இருக்கீங்கமா?”

ஆயா பதில் சொல்லவில்லை. மகன்தான், “அம்மா ஒருத்தர்தான்” என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

மகன் கெட்டவர் இல்லை. அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் ஆயா குளியலறையில் வழுக்கி விழுந்து, எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டும்வரை முக்கால் மணி நேரம் தரையில் கிடந்தார். அந்தச் செய்தி மகனுக்குப் போனபோது அவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

“இன்னொரு தடவை விழுந்தா நான் வந்து சேர ஒரு நாள் ஆகும்மா. அதுக்குள்ள?” என்றார்.

இதற்கு ஆயாவிடம் பதில் இல்லை. அன்று இரவு பேத்தியின் போன் வந்தது. மகனும் பக்கத்தில் இருந்தார்.

“ஆயா, நீ கேட்டல்ல, அந்த இருநூறு பேர் ஏன் போகலன்னு. விடுதிக்குப் பால் கொண்டுவர்ற ஒரு பாட்டிகிட்ட கேட்டேன். அவங்க என்னைத் திருப்பிக் கேக்கறாங்க, ‘எல்லாரும் போயிட்டா, லீவுக்கு வர்ற பிள்ளைங்களுக்கு யார் கதவைத் திறக்கிறது?’ன்னு.”

மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பேத்தி இன்னொன்றும் சொன்னாள். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ரோஷ்ஃபூர்ஷா என்று ஒரு கொம்யூன் இருக்கிறது. பல ஆண்டுகளாக அதன் அதிகாரபூர்வ மக்கள்தொகை ஒன்று. ஒரே ஓர் ஆள். ஆனாலும் அது ஊர்தான். வரைபடத்தில் பெயர் உண்டு. மேயர் உண்டு. கவுன்சில் உண்டு. அங்கே வீடு வைத்துக்கொண்டு வெளியூரில் வாழ்பவர்கள் வந்து ஓட்டுப்போட்டுவிட்டுப் போகிறார்கள்.

“ஒருத்தர் இருந்தாலும் ஊரா?” என்று கேட்டார் ஆயா.

“ஒருத்தர் இருந்தாலும் ஊர்தான் ஆயா.”

ஆயா மகனைப் பார்த்தார். “கேட்டியாடா?”

மகன் சிரித்தார். ஆனால் விடவில்லை. அன்று இரவு ஒரு மணி வரை அம்மாவும் பிள்ளையும் பேசினார்கள். கடைசியில் இருவருமே பாதிப்பாதி இறங்கிவந்தார்கள். வீடு இப்போது விற்பனைக்கு இல்லை. குளியலறையில் வழுக்காத தரையும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் உடனே போட வேண்டும். பின்கட்டு அறைகளை எதிர்வீட்டுப் பெண்ணின் தங்கை குடும்பத்துக்குக் குறைந்த வாடகைக்கு விட வேண்டும். காலையும் இரவும் அவர்கள் எட்டிப் பார்க்க வேண்டும். 2027 மார்ச் வரை இப்படி. அதற்குப் பிறகு மறுபடியும் உட்கார்ந்து பேச வேண்டும். அப்போது ஆயா பிடிவாதம் பிடிக்கக் கூடாது.

“ஏன் மார்ச்?” என்று மகன் கேட்டார்.

ஆயாவுக்கு அந்தத் தேதி செய்தியில் பார்த்தது முதல் மனப்பாடம். 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்க இருக்கிறது. லடாக், காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்டில் பனி மூடும் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. மலைமேல் இருப்பவர்களைப் பனி விழுவதற்கு முன்பே எண்ணிவிடுவார்கள்.

“எண்ண வர்றப்போ நான் இருக்கணும்டா. பெரியப்பா போனாரு, அப்பா போனாரு, உங்கப்பா போனாரு. இந்த வீட்டுல யாருமே இல்லன்னு எழுதிட்டுப் போகக் கூடாது.”

மகன் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் தரகருக்குப் போன் செய்து, இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னார். அப்படியே குளியலறைக்குக் கம்பி வாங்க நேரு வீதிக்குக் கிளம்பினார்.

பேத்திக்கு ஏப்ரலில் சீசன் முடிகிறது. அதன்பிறகு இரண்டு மாதம் பாண்டிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

“2027-ல எண்ண வர்றப்போ நீ இங்க இருந்தா உன்னையும் சேப்பாங்களாடி?”

“மாட்டாங்க ஆயா. நான் வந்து போறவ.”

“பரவாயில்ல. அவங்க ஒண்ணுன்னு எழுதிக்கட்டும். உங்கள நான் தனியா எண்ணிக்கிறேன்.”

சொல்லிவிட்டு ஆயா போனை வைத்தார். பின்கட்டில் வெள்ளையடிக்க ஆள் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. எழுந்துபோய்த் திறந்தார்.